நண்டுக்கு நான்கு அறிவு

பட்டிமன்ற மேடையேறும் பேச்சாளப் பெருமக்களுக்கு,



முப்பத்திரண்டு வருடம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அதைவிட அதிக காலம் உங்கள் ரசிகை. பொங்கல், தீபாவளி என்றால் டிவியில் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே அரைத்து, பொரித்து, இலை போட்ட தலைமுறை என்னுடையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன ஆடி மாதம் எங்கள் தெருக் கோயில் கொடையில் பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். பெற்றோரைப் பேணுவதில் விஞ்சி நிற்பது மகனா, மகளா என்று தலைப்பு. மூன்றாவதாகப் பேசியவர் குரலை உயர்த்தி, "ஐந்தறிவு படைத்த நாய்கூட ஒரு வாய்ச் சோறு போட்டவனை மறப்பதில்லை. ஆறறிவு படைத்த மனிதன் பெற்றவளையே மறந்துவிடுகிறான்" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. நானும்தான் தட்டினேன்.

தட்டிக்கொண்டே குனிந்து பார்த்தால், மேடைப் பலகைக்கு அடியில், ஜெனரேட்டர் வயர் ஓரமாக, எங்கள் தெருச் செவலை நாய் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. முன்னங்கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு துடித்தது. தொண்டைக்குள்ளேயே இரண்டு மூன்று குட்டிக் குரைப்பு. எதையோ துரத்தியதா, எதற்கோ பயந்து ஓடியதா, எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அது மேடைக்கு அடியில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கால்கள் கண்ணை விட்டுப் போகவில்லை.

உங்களுக்குத் தமிழ் சொல்லித்தர நான் யார்? இருந்தாலும் இந்த ஐந்தறிவு, ஆறறிவுக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தொல்காப்பிய மரபியல். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு. நத்தை, சிப்பிக்கு இரண்டு. கறையானுக்கும் எறும்புக்கும் மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு. விலங்குகளுக்கு ஐந்து. மக்களுக்கு ஆறு. உடம்பால் அறிவது முதலாவது, பிறகு நாக்கு, மூக்கு, கண், காது, கடைசியில் மனம்.

அங்கே அறிவு என்ற சொல்லுக்குப் புத்தி என்று பொருளில்லை. புலன் என்றுதான் பொருள். உலகம் ஓர் உயிருக்குள் நுழைய எத்தனை வாசல் என்ற கணக்கு அது. நம் மேடைகளில் அது எப்படியோ ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், ஆறாம் வகுப்பு தேறியவன் என்கிற மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மக்களுக்கு ஆறு என்று சொன்ன மரபியல், அதோடு கதவைச் சாத்திவிடவில்லை. விலங்குகளிலும் சிலவற்றுக்கு அந்த ஆறாவது உண்டென்று சொல்வார்கள் என அடுத்தாற்போல் ஒரு சூத்திரம் வருகிறது. இளம்பூரணர் தம் உரையில் கிளி, குரங்கு, யானை என்று பெயரே எடுத்துச் சொல்கிறார். முதல் சூத்திரத்தை நூறு மேடைகளில் கேட்டிருக்கிறேன். இரண்டாவதை ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

உங்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. 1980-களின் கடைசியில் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் தவளை அறுப்போம். மெழுகுத் தட்டில் மல்லாக்கப் போட்டு நான்கு காலிலும் குண்டூசி. ஒரு நாள் மயக்க மருந்து சரியாக ஏறாத தவளை ஒன்று, கத்தரி பட்டதும் காலை இழுத்தது. முன் வரிசைப் பெண் கேட்டாள்: "டீச்சர், அதுக்கு வலிக்கும்லா?"

"அது அனிச்சைச் செயல். எழுதிக்கோ" என்றேன். வகுப்பே குனிந்து எழுதியது. இரண்டு மதிப்பெண் கேள்வி.

அனிச்சைச் செயல் பொய்யில்லை. தோசைக்கல்லில் விரல் பட்டால் முதலில் கை விலகிவிடுகிறது. அந்த உத்தரவு தண்டுவடத்திலிருந்தே வருகிறது. செய்தி மூளைக்குப் போய் "ஸ்ஸ்" என்று நாம் உணர்வது அதற்கப்புறம்தான். கை விலகுவது ஒன்று. சுடுகிறது என்று அனுபவிக்க உள்ளே ஒருவர் இருப்பது வேறொன்று. அந்த இரண்டாவதைத்தான் நனவு, பிரக்ஞை, தன்னுணர்வு என்று ஆளுக்கொரு பெயரில் சொல்கிறோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு "நினைவு வந்துடுச்சா?" என்று நர்ஸிடம் கேட்கிறோமே, அது இதைப் பற்றிய கேள்விதான். அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நேகல் 1974-இல் எழுதிய கட்டுரையில் இதையே வௌவாலை வைத்துக் கேட்டார்: வௌவாலாக இருப்பது அந்த வௌவாலுக்கு எப்படி இருக்கும்? வௌவாலின் மூளையை அணுவணுவாக அறிந்தாலும் அதற்குப் பதில் கிடைத்துவிடாது என்பது அவர் வாதம்.

வாய்விட்டுச் சொல்லத் தெரியாத உயிரிடம் இதை எப்படிக் கேட்பது? பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்து ராபர்ட் எல்வுட் ஒரு வழி கண்டுபிடித்தார். காலிச் சங்குக்குள் குடியேறி வாழும் துறவி நண்டுகளை எடுத்துக்கொண்டார். சங்குக்குள் ஒரு சின்ன மின்கம்பியை வைத்து லேசாக ஷாக் கொடுத்தார். 2009-இல் வெளியான அந்த ஆய்வில், பிடிக்காத வகைச் சங்கில் இருந்த நண்டுகள் எளிதில் வெளியேறின. பிடித்த வகைச் சங்கில் இருந்தவை பொறுத்துக்கொண்டன. பிறகொரு ஆய்வில், தண்ணீரில் எதிரியின் வாடை கலந்திருந்தால் வெளியேறத் தயங்கின.

இதில் என்ன என்று கேட்பீர்கள். அனிச்சை பேரம் பேசாது. தோசைக்கல் நல்ல கல்லா, ஓட்டைக் கல்லா என்று பார்த்தா நம் கை விலகுகிறது? இந்த நண்டோ வலியை ஒரு தட்டிலும் வீட்டை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கிறது. நிறுக்கிற இடம் ஒன்று உள்ளே இருக்கவேண்டும்.

தூத்துக்குடிக்காரிக்கு இது சும்மா படித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. உயிர் நண்டாக வாங்கி வந்து, கொடுக்கு கடிக்காமல் இருக்க முதலில் கொடுக்கை முறித்து, அப்புறம் ஒவ்வொரு காலாக முறித்து, கடைசியில் ஓட்டைப் பிரிப்பதுதான் என் அம்மா எனக்குச் சொல்லித்தந்த முறை. நாற்பது வருடம் அப்படித்தான் செய்தேன். நண்டுக்குழம்பை இன்றும் விடவில்லை, அந்தப் பொய் வேண்டாம். இப்போதெல்லாம் மார்க்கெட்டிலேயே ஒரே குத்தில் முடித்துத் தரச் சொல்லிவிடுகிறேன். நண்டு விற்கிற அம்மா முதல் தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

உலகம் என்னைவிடக் கொஞ்சம் முன்னால் போய்விட்டது. சிங்கி இறாலை மயக்காமல் உயிரோடு கொதிநீரில் போடுவதை 2018-இல் சுவிட்சர்லாந்து தடை செய்தது. பிரிட்டனில் 2022-இல் வந்த விலங்கு உணர்வுச் சட்டம் முதுகெலும்புள்ள விலங்குகளோடு நண்டு, இறால், கணவாய் இனங்களையும் சேர்த்துக்கொண்டது. ஜொனாத்தன் பர்ச் தலைமையில் ஒரு குழு முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசித் தந்த அறிக்கை அதற்கு அடிப்படை. 2012 ஜூலையில் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், பாலூட்டிகள், பறவைகள், ஆக்டோபஸ் ஆகியவற்றுக்கும் நனவுக்கு வேண்டிய நரம்பு அமைப்பு உண்டு என்று அறிக்கை விட்டார்கள். 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளியான இன்னொரு பிரகடனம், பூச்சிகளுக்கும் நண்டினத்துக்கும்கூட நனவு இருக்க உண்மையான வாய்ப்பு உண்டு, அதை அலட்சியம் செய்வது சரியில்லை என்றது. நண்டும் தும்பியும். மரபியல் ஒரே வரிசையில் உட்கார வைத்த ஜோடி.

பழந்தமிழில் வண்டையும் குறிக்கும் தும்பி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் பம்பிள் வண்டுத்தேனீக்களுக்கு முன்னால் சின்ன மர உருண்டைகளைப் போட்டு வைத்தார்கள். உருட்டினால் தீனி கிடையாது, பரிசு கிடையாது. தேனீக்கள் திரும்பத் திரும்ப வந்து அவற்றை உருட்டின. வயதான தேனீக்களைவிட இளம் தேனீக்கள் அதிகமாக உருட்டின. 2022-இல் வந்த ஆய்வு இது. தேனீயின் மூளையில் இருப்பது ஏறக்குறைய பத்து லட்சம் நரம்பணுக்கள். நம்முடையதில் 8,600 கோடி. அந்தப் பத்து லட்சத்துக்குள் விளையாட்டுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது.

"நண்டு, தேனீ என்று எங்கேயோ போகிறீர்களே, நாம் மனிதனையாவது சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறோமே" என்று உங்களில் யாராவது எழலாம். அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். 1980-கள் வரை மேலை நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், பிறந்த குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது அசையாமல் கிடக்க மருந்து கொடுத்தார்கள். வலி தெரியாமலிருக்கப் போதிய மருந்து கொடுக்கவில்லை. சிசுவின் மூளை முதிரவில்லை, அழுகையும் உதறலும் வெறும் அனிச்சை என்று நம்பினார்கள். இந்தியாவில் பிறந்த கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர் ஆக்ஸ்ஃபோர்டில் செய்து 1987-இல் வெளியிட்ட ஆய்வுதான், வலி மருந்து கொடுத்த குழந்தைகளின் உடம்பு எவ்வளவு அமைதியாக இருந்தது, கொடுக்காத குழந்தைகளின் உடம்பு என்ன பாடுபட்டது என்று ரத்தத்தில் அளந்து காட்டியது. பிறகுதான் பழக்கம் மாறியது. அதைப் படித்த அன்று எனக்கு அந்த முன் வரிசைப் பெண் ஞாபகம் வந்தாள். அந்த மருத்துவர்கள் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே சொல்: அனிச்சை.

சரி, இந்த நனவு எங்கிருந்துதான் வந்தது? மேடையில் நாம் ஏணி மாதிரி பேசுகிறோம்: கீழ்ப்படியில் புல், மேல்படியில் நாம். 1871-இல் டார்வின், மனித மனத்துக்கும் உயர்விலங்குகளின் மனத்துக்கும் உள்ள வித்தியாசம் அளவில்தான், வகையில் அல்ல என்று எழுதினார். அவர் வரைந்தது ஏணி அல்ல, மரம். ஒரு கிளைக்கு இன்னொரு கிளை கீழ்ப்படி ஆகாது.

எங்கள் கடற்கரையில் பேய்க்கணவாய் என்போமே, ஆக்டோபஸ், அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஏறக்குறைய 50 கோடி நரம்பணுக்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு புழு மாதிரியான உயிர். ஆக்டோபஸ்ஸை ஓர் அறையில் வைத்து அதன் கையில் அமில ஊசி போட்டால், அதற்கு முன் பிடித்திருந்த அறையாக இருந்தாலும் பிறகு அந்தப் பக்கம் போக மறுக்கிறது. வலி மரத்துப்போக மருந்து கிடைத்த அறையை விரும்பிப் போகிறது. ராபின் க்ரூக் 2021-இல் காட்டியது இது. அப்படியானால் இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். ஒன்று, உணர்வு என்பது உயிர் வரலாற்றில் ஒரு தடவைக்கு மேல், தனித்தனியாக முளைத்தது. இல்லையென்றால், அந்தப் பழைய புழுவிடமே அதன் பொறி இருந்தது. எதுவானாலும் மனிதனுக்கென்று தனியாகத் தைத்த சட்டை அல்ல அது.

காகம் இன்னொரு சாட்சி. நம் மூளையின் மேலே மடிப்பு மடிப்பாக, அடுக்கடுக்காக இருக்கிற புறணி பறவைகளுக்கு இல்லை. புறணி இல்லாவிட்டால் நனவும் இல்லை என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்து ஆண்ட்ரியாஸ் நீடர் குழு, மிக மங்கலான ஒளியைக் காட்டி, தெரிந்ததா இல்லையா என்று சைகையால் சொல்லக் காகங்களைப் பழக்கியது. அதே மங்கல் ஒளியைக் காகம் சில தடவை கண்டது, சில தடவை காணவில்லை. மூளையின் சில நரம்பணுக்கள் ஒளியைப் பின்பற்றவில்லை. காகம் "கண்டேன்" என்று சொன்னதைப் பின்பற்றின. இது 2020-இல். அமாவாசைக்குச் சோறு வைத்து "கா கா" என்று நாம் கூப்பிடும்போது, மதில்மேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கிற பார்வைக்குப் பின்னால் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று இனி தைரியமாகச் சொல்லலாம் போலிருக்கிறது.

நனவு ஏன் தேவைப்பட்டது? ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள், மேடையிலும் செய்து காட்டலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் இமையோரத்தை விரலால் மெல்ல அசையுங்கள். உலகமே ஆடும். விரலை எடுத்துவிட்டுக் கண்ணை நீங்களாக உருட்டுங்கள். உலகம் ஆடாது. அசைந்தது நான்தான் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரிகிறது. ஏறக்குறைய 54 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்ப்ரியன் காலத்தில், கண்ணும் காலும் துடுப்பும் கொண்ட உயிர்கள் ஒன்றையொன்று வேட்டையாடத் தொடங்கின. அசைந்தது உலகமா, நானா என்று பிரித்துப் பார்க்காத உயிர் அன்றே இரையாகியிருக்கும். அந்தப் பிரிவினையில்தான் "நான்" என்பதன் முதல் விதை விழுந்திருக்கும் என்கிறார்கள் சில அறிஞர்கள். புதிது புதிதாக எதையும் எதனோடும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும் திறன் வந்ததே நனவு வந்ததற்கு அடையாளம் என்கிறார்கள் சிமோனா கின்ஸ்பர்க், ஏவா யப்லோங்கா. வழக்கு இன்னும் முடியவில்லை.

இளம்பூரணர் சொன்ன யானைக்கு வருவோம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் ஹேப்பி என்ற ஆசிய யானையின் நெற்றியில் வெள்ளைக் குறி வரைந்து, பெரிய கண்ணாடி முன் நிறுத்தினார்கள். ஹேப்பி கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தன் நெற்றிக் குறியைத் தும்பிக்கையால் தொட்டது. கண்ணாடியில் இருப்பது தான்தான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அங்கேயே இருந்த வேறு இரண்டு யானைகள் குறியைத் தொடவில்லை. அவற்றுக்குத் தெரியவில்லையா, நெற்றியில் என்ன இருந்தால் எனக்கென்ன என்று இருந்துவிட்டனவா? கண்ணாடிச் சோதனையின் குறையே இதுதான். 1970-இல் கோர்டன் கேலப் சிம்பன்சிகளை வைத்துத் தொடங்கிய சோதனை அது, கண்ணால் வாழும் உயிர்களுக்குத் தோதானது. நாய் அதில் தோற்றுப்போகும். நாய் உலகத்தைப் படிப்பது மூக்கால். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2017-இல் நாய்களுக்கு அவற்றின் மூத்திர வாசனையையே கொடுத்துப் பார்த்தார். அதில் வேறு வாடை கலந்திருந்தால் அதிக நேரம் முகர்ந்தன. நமக்கு அப்படியொரு மூக்குத் தேர்வு வைத்தால் நாம் எத்தனை மதிப்பெண் வாங்குவோம்?

இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்துவிடவும் வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போட்டது. விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். ஊரே திரண்டு பார்த்தது. கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை என்று 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்தார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமல் ஒரு நூல் அசையும். குதிரை அதைப் படித்தது. கூட்டல் தெரியாது, மனிதர்களைப் படிக்கத் தெரியும். நாம் எதைப் பார்க்க ஆசைப்படுகிறோமோ அதையே விலங்கிடம் பார்த்துவிடுவோம் என்பதற்கு இது பாடம். நாய் சமாதியில் அழுதது, பசு கோயிலைச் சுற்றியது என்று வாட்ஸ்அப்பில் வருவதை மேடையில் சொல்லும்முன் ஹான்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனிதருக்கென்று ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த வருடத்து வீட்டுக் கடனை இன்றிரவு நினைத்துத் தூக்கம் கெடுவது, இறந்துபோன அப்பாவிடம் கேட்காமல் விட்ட கேள்வியை இருபது வருடம் மனதில் சுமப்பது, இதெல்லாம் மொழியும் கதையும் சேர்ந்து நம் நனவின்மேல் கட்டிய மாடிகள். மாடி நம்முடையதாக இருக்கலாம். அஸ்திவாரம் பொது.

அந்த நாய்க்கால்களையும் சொல்லிவிடுகிறேன். 2001-இல் எம்.ஐ.டி.யில் கென்வே லூயியும் மாட் வில்சனும், பகலில் ஒரு தடத்தில் ஓடிய எலிகளின் மூளையில் நரம்பணுக்கள் துடித்த வரிசையைப் பதிவு செய்தார்கள். கனவுத் தூக்கத்தில் அதே வரிசை திரும்ப ஓடியது. எலி இப்போது தடத்தின் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடும் அளவுக்குத் துல்லியம். அதை எலி கனவாகக் கண்டதா என்பதற்கு எலிதான் சாட்சி. ஆனால் தூக்கத்தில் ஓடுகிற கால்களுக்கு உள்ளே ஒரு பாதை இருக்கிறது.

உங்களிடம் என் விண்ணப்பம் சிறியது. திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையை நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். மன்னனின் நீதியைப் புகழ்கிறீர்கள், நாங்கள் கண் கலங்குகிறோம். கன்றை இழந்து, அரண்மனை மணியைத் தேடிப் போய் இழுத்த பசுவைப் பற்றி யாரும் ஒரு நிமிடம்கூட நின்று பேசியதில்லை. அந்தப் பசுவுக்குத் துக்கம் உண்டு என்று மன்னன் ஒத்துக்கொண்டதால்தான் அது வழக்கே ஆனது. அனிச்சையாக மணி ஆடியது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த தடவை அந்தக் கதையைச் சொல்லும்போது பசுவிடம் கொஞ்சம் நில்லுங்கள். மரபியலின் முதல் சூத்திரத்தைச் சொன்னால் அடுத்ததையும் சொல்லுங்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பெண்பிள்ளை அதை எழுதிக்கொள்ளும். நான் எழுத வைத்ததைவிட அது உபயோகமானது.

அன்றைக்கு மகள் பக்கம்தான் தீர்ப்பு வந்தது. கைதட்டிய சத்தத்தில் செவலை திடுக்கிட்டு எழுந்தது. ரயிலில் தூங்கி, தெரியாத ஸ்டேஷனில் விழித்தவர் மாதிரி ஒரு நொடி சுற்றும் முற்றும் பார்த்தது. பிறகு மேடையை, வயரை, என் செருப்பை அடையாளம் கண்டுகொண்டு, ஒரு கொட்டாவி விட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி படுத்தது.

அந்த ஒரு நொடி முழிப்பை எந்த அறிவுக் கணக்கில் சேர்ப்பது என்று நடுவர் அவர்களாவது சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருத்தி
தூத்துக்குடி